எல்லாப் பக்கத்திலிருந்தும் எர்லிந்தா

அபுந்தியோவுக்கு இடது கண் போனது பன்னிரண்டாவது வயதில். ஜூலைத் திருவிழா. மாதா கோயில் முற்றத்தில் இறகுக் கிரீடம் வைத்த ஆட்டக்காரர்கள் சுழன்றுகொண்டிருந்தார்கள். நானும் அவனும் தோளோடு தோள் உரச நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். யாரோ கொளுத்திய வாணம் ஒன்று வானத்துக்குப் போகாமல் படுத்தவாக்கில் சீறிக்கொண்டு வந்தது. என்னைத் தாண்டிப் போய் அவனைப் பிடித்தது. ஒரு சாண் இந்தப் பக்கம் வந்திருந்தால் இந்தக் கதையை அவன் சொல்லிக்கொண்டிருப்பான். என்னைவிட நன்றாகவே சொல்வான்.

காயம் ஆறியது. ஆனால் கண் இருந்த இடத்தில் தோல் இழுத்துக்கொண்டு, புருவத்திலிருந்து கன்னம் வரை சுருக்குப்பையின் வாய் மாதிரி ஒரு வடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு எங்கே போனாலும் இடது பக்கம் சுவர் வருகிற இடமாகப் பார்த்துத்தான் உட்காருவான். பூசையிலும் அப்படி, கல்யாண விருந்திலும் அப்படி, ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போகிற பஸ்ஸிலும் ஜன்னலோரம்தான். கூடவே வளர்ந்த நானே அவன் முகத்தின் அந்தப் பாதியைச் சரியாகப் பார்த்ததில்லை.

ஒற்றைக் கண்ணால் பார்க்கிறவனுக்குத் தூரம் பிடிபடாது. மெஸ்கால் சாராயம் ஊற்றும்போது புட்டியின் வாயைக் கோப்பையின் விளிம்பில் முட்டி நிறுத்திக்கொண்டுதான் சாய்ப்பான். மேசையில் எதை வைப்பதற்கு முன்னாலும் விரலால் மேசையின் ஓரத்தைத் தொட்டுக்கொள்வான். ஒரு தடவை என்னிடம் கேட்டான்.

"ஃபிதே, உனக்கு உலகம் எப்படி இருக்கும்? அதுக்குள்ள நிக்கிற மாதிரி இருக்குமா?"

"பின்ன, வெளியிலயா நிக்கிறேன்?"

"எனக்கு அது கொடியில தொங்கவிட்ட விரிப்பு மாதிரிடா. மலை, கோயில், கழுதை, எங்கம்மா எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு தச்சு வச்சிருக்கு. தலையை ஆட்டினா எல்லாம் நழுவி ஓடும். நிறுத்தினா நிக்கும். சின்னதா ஒரு கனவு மாதிரி."

தறியில் தூரம் கிடையாது. அங்கே அவன்தான் ராஜா. மெக்சிகோவில் எங்கள் தியோதித்லான் ஊரில் வீட்டுக்கு வீடு தறி. அந்தக் காலத்தில் தறியில் நின்று நெய்வது ஆண்கள் வேலை, கம்பளியைச் சீவி நூற்பது பெண்கள் வேலை. கோயில் சுவரில் பதிந்திருக்கிற பழங்காலக் கல்லின் படிக்கட்டுக் கோலத்தைத்தான் எல்லோரும் நெய்வோம். அபுந்தியோ நெய்தால் அந்தப் படிகளில் ஏறிப் போய்விடலாம் போல இருக்கும்.

எழுபத்தொன்றாம் வருடம், மழை ஓய்ந்த சமயம், வஹாக்கா நகரத்தில் விரிப்புக் கடை வைத்திருந்த ரெமெதியோஸ் அம்மா எங்கள் வீட்டு முற்றத்தில் வந்து இறங்கினாள். விதவை, தடித்த உடம்பு, தலைமுடிக்கு மட்டும் கருப்புச் சாயம். ஏதோ புத்தகத்திலிருந்து வெட்டிய ஒரு படத்தை மேசையில் விரித்து வைத்தாள். பக்கத்து வீட்டுத் தறிக்காரர்களும் கூடிவிட்டார்கள்.

"இது என்ன, பொம்பளையா?" என்றார் என் அப்பா செலெரினோ.

"ஆமா. கையில மாண்டலின் வச்சிருக்கா பாருங்க."

"மாண்டலின் எங்க?"

"உடைஞ்சு இருக்கு."

"பொம்பளையும்தான் உடைஞ்சிருக்கா. லாரி ஏறிடுச்சா, பாவம்?"

எல்லோரும் சிரித்தார்கள். "சட்டியைக் கீழ போட்டுட்டு, புருஷன் வர்றதுக்குள்ள அவசரமா ஒட்டி வச்ச மாதிரி இருக்கு" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

ரெமெதியோஸ் அம்மா பொறுமையாகச் சொன்னாள். "அறுபது வருஷத்துக்கு முன்னாடி பாரிஸ்ல ஆரம்பிச்சது. கியூபிசம்னு பேரு. ஒரு பொருளை முன்னாடி, பின்னாடி, பக்கவாட்டுல, எல்லாப் பக்கமும் பார்த்து ஒரே படத்துல வச்சிடறது. வெளிநாட்டுக்காரங்க வீட்டுல இப்ப இதுதான் வேணும்ங்கறாங்க. யாராவது நெய்து குடுங்க."

படிக்கட்டுக் கோலத்தில் பழகிய கைக்கு அந்த வளைவும் சரிவும் வராது என்று எல்லோருக்கும் தெரியும். அபுந்தியோ சுவரோரத்திலிருந்து எழுந்து வந்தான். படத்தை எடுத்துத் தலையை இந்தப் பக்கம் சாய்த்தான், அந்தப் பக்கம் சாய்த்தான். வெகுநேரம் அப்படியே நின்றான். முற்றத்தில் கோழி கொத்துகிற சத்தம் மட்டும் கேட்டது.

"நான் நெய்யறேன்" என்றான்.

பிறகு என்னிடம் சொன்னான்: "இதை வரைஞ்சவனுக்கும் ஒரு கண்ணுதான் இருந்திருக்கும், ஃபிதே. ரெண்டு கண்ணு இருக்கிறவன் ஒரே இடத்துல நின்னு பார்த்துட்டுப் போயிடுவான். ஒத்தைக் கண்ணன்தான் சுத்திச் சுத்தி வருவான்."

நெசவு அவனுக்குக் கஷ்டமில்லை, நிறம்தான் கஷ்டம். படம் முழுக்கச் சாம்பலும் பழுப்பும். சாயத்தொட்டியில் முக்கி எடுத்தால் வருவது செத்த சாம்பல். உயிருள்ள சாம்பல் வேண்டுமென்றால் வெள்ளாட்டு மயிர் கூடாது, செம்மறியின் வெள்ளைக் கம்பளியையும் கருப்புக் கம்பளியையும் கம்பிப் பல் பதித்த சீவுபலகையில் வைத்துக் கலந்து கலந்து எடுக்க வேண்டும். அதற்கு எங்கள் ஊரில் ஒரே ஆள்தான். என் தங்கை எர்லிந்தா.

எர்லிந்தாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. இடதுகைக்காரி. வலது கையில் ஒரு சீவுபலகையை அசையாமல் பிடித்துக்கொண்டு இடது கையால் மற்றதை இழுப்பாள். வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். வாய் அதைவிட வேகம். அவள் தெருவில் வந்தால் நாய்கள்கூட யோசித்துத்தான் குரைக்கும் என்பார்கள். தினமும் மதியம் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அபுந்தியோ வீட்டுக்குப் போவாள். அவன் அம்மா சுவருக்கு அந்தப் பக்கம் சோளம் அரைத்துக்கொண்டிருப்பாள். நானும் பல நாள் அங்கேயே கிடப்பேன்.

வெள்ளையிலிருந்து கருப்பு வரைக்கும் நாற்பது சாம்பல் வேண்டும் என்றான் அவன். நாற்பதுக்கும் அவள் பெயர் வைத்தாள், இல்லாவிட்டால் குழம்பிவிடும்.

"இது ஈரக்கல்லு. இது ஆறின அடுப்பு. இது புறாக் கழுத்து."

"இது?"

"மழை வர்றதுக்கு முந்தின மலை."

"அப்ப இது?"

"சாமியார் அங்கி, தோய்ச்சுத் தோய்ச்சு வெளுத்தது. பக்கத்துல இருக்கிறது ரெமெதியோஸ் அம்மா தலைமுடி, ரெண்டு மாசம் சாயம் அடிக்கலைன்னா."

அபுந்தியோ சிரித்தால் சத்தமே வராது, தோள் மட்டும் குலுங்கும். அந்த மதியங்களை இப்போது நினைத்தாலும் எனக்குத் தூக்கம் வருகிற மாதிரி ஒரு சுகம். தறி மெதுவாக அடித்துக்கொண்டிருக்கும். ஜன்னல் வழியாக வருகிற வெயிலில் கம்பளித் தூசு எழுந்து மிதக்கும். நாற்பது சாம்பல் உருண்டைகளும் தரையில் வரிசையாகக் கிடக்கும், யாரோ ஒரு மேகத்தைப் பிய்த்து அடுக்கி வைத்த மாதிரி. படத்திலிருந்த பெண் கீழிருந்து மேலாக, முழங்கால், மாண்டலின், முழங்கை என்று கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து வந்துகொண்டிருப்பாள்.

"எனக்குக் கனவெல்லாம் இப்ப சாம்பலாத்தான் வருது" என்றாள் எர்லிந்தா ஒரு நாள். "நேத்து யாரோ என் மூக்கைக் கழட்டி ஆணியில மாட்டிட்டுப் போறாங்க. நான் பின்னாடியே ஓடறேன்."

"கிடைச்சுதா?" என்றான் அவன்.

"முழிச்சுட்டேன். தொட்டுப் பார்த்துக்கிட்டேன், இருந்துச்சு."

அந்த விரிப்பு வந்த வேகத்தில் கைமாறிப் போனது. ரெமெதியோஸ் அம்மா அடுத்தடுத்துப் படங்கள் கொண்டுவந்தாள். கிட்டார், புட்டி, செய்தித்தாள், பழத்தட்டு, எல்லாம் உடைந்தவை. ஊரில் அபுந்தியோவுக்கு 'உடைசல்காரன்' என்று பெயர் விழுந்தது. மூன்று வருடம் அப்படிப் போயிற்று. என் அப்பா அவன் கைவேலையை மெச்சுவார், ஆனால் பேச்சு வேறு பக்கம் திரும்பினால், "பொண்ணு குடுக்கிறதுன்னா ரெண்டு கண்ணு இருக்கிறவனாப் பார்த்துக் குடுக்கணும்" என்று பொதுவாகச் சொல்வதுபோல் சொல்லிவைப்பார். எர்லிந்தா காதில் விழாத மாதிரி சீவிக்கொண்டிருப்பாள்.

மூன்றாவது வருடக் கடைசியில் அவன் தறியில் ஒன்றைத் தொடங்கினான். யாராவது உள்ளே வந்தால் மேலே ஒரு போர்வையை இழுத்துவிடுவான். "எந்தப் படம்டா?" என்று கேட்டேன். "புதுசு" என்றான். அவன் பக்கத்தில் படம் எதையும் நான் பார்க்கவில்லை. எர்லிந்தா இருக்கும் நேரத்தில் வேறு ஏதாவது சின்ன வேலை பார்ப்பான். அவள் சீவும்போது எழுந்து தண்ணீர் குடிக்கப் போவான், நூல் எடுக்கப் போவான், ஜன்னலைச் சாத்தப் போவான். அவளைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

அது முடிந்து அறுத்து இறக்கிய வாரம், அவன் கொல்லைக்காட்டில் இருந்த நேரமாகப் பார்த்து ரெமெதியோஸ் அம்மாவின் வண்டி வந்தது. அவன் அம்மா மூலையில் சுருட்டி வைத்திருந்த ஐந்து விரிப்பையும், அந்தப் புதுசையும் சேர்த்து, தூக்கிக் கொடுத்துவிட்டாள். அவளுக்கு எல்லா உடைசலும் ஒன்றுதான். அவன் திரும்பி வந்து பார்த்தான். யாருக்கு அடையாளம் தெரியப்போகிறது என்று இருந்துவிட்டான்.

பத்து நாள் கழித்து, ஒரு கல்யாணத்துக்கு ஜடை ரிப்பன் வாங்க எர்லிந்தாவும் நானும் வஹாக்கா போனோம். கையில் ரோஜா ஐஸ் வாங்கிக்கொண்டு கடைத்தெருவில் நடந்தோம். ரெமெதியோஸ் அம்மாவின் கடைக் கண்ணாடிக்கு முன்னால் எர்லிந்தா நின்றுவிட்டாள். நான் நாலடி போய்த் திரும்பிப் பார்த்தேன். அவள் அசையவில்லை. ஐஸ் உருகி மணிக்கட்டு வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது.

கண்ணாடிக்குப் பின்னால் ஒரு விரிப்பு தொங்கியது. கீழே பழுப்புப் பலகைகளாக ஒரு மடி. அதில் கம்பளிக் குவியல். ஒரு கை சீவுபலகையை இழுக்கிறது. மேலே ஒரு காது, அதில் பிறை வடிவத் தோடு. காதுக்குப் பக்கத்திலேயே, முதுகுப்புறமிருந்து பார்த்தால் தெரிகிற பின்கழுத்தும் இரட்டைச் சடையும். அதை ஒட்டி முன்பக்கத்து மோவாய். ஏதோ திட்டப்போகிற மாதிரி பாதி திறந்த வாய். எல்லாம் சாம்பல். ஒரே ஒரு மெல்லிய பச்சைக் கோடு, ரிப்பன்.

"அண்ணே, இது நான்."

"உளறாதே. இது அந்த பாரிஸ்காரங்க…"

"இது புறாக் கழுத்து. இது சாமியார் அங்கி. இந்தச் சாம்பலை நான் மூணு தடவை பிரிச்சுப் போட்டுச் சீவினேன், எனக்குத் தெரியாதா? இங்க பாரு, பின்கழுத்துல மச்சம். சடை பின்னும்போது அம்மா சொல்லுவா, இப்படி ஒரு மச்சம் இருக்குன்னு. நானே பார்த்ததில்ல. இப்ப ஊரே பார்க்குது."

பஸ்ஸில் அவள் வாய் திறக்கவில்லை. எர்லிந்தா பேசாமல் வந்தது அதுதான் முதல் தடவை, எனக்குப் பயமாகிவிட்டது. மெயின்ரோட்டில் இறங்கி ஊருக்கு நாலு கிலோமீட்டர். எனக்கு மூச்சு வாங்க வாங்க நடந்தாள். வீட்டுக்குப் போகவில்லை, நேரே அபுந்தியோ வீடு.

அவன் தறியில் நின்றுகொண்டிருந்தான். அதுவரை அவனை 'நீங்க' என்றுதான் சொல்வாள்.

"என் மூக்கு எங்க?" என்றாள்.

அவன் திரும்பினான். புரிந்துவிட்டது.

"மோவாய்க்கு மேல… சாய்ச்சு வச்சிருக்கேன்."

"யாரைக் கேட்டு வச்சே? என் கழுத்து, என் காது, என் மச்சம். என்னை ஒரு வார்த்தை கேட்டியா நீ?"

"இல்ல."

"ஏன் கேட்கல?"

"கேட்டா நீ சும்மா உட்காரமாட்டே. அப்புறம்… எனக்கு ஒரு கண்ணுதான். ஒரு பக்கம் நின்னா பாதிதான் கிடைக்கும். அதான் சுத்தி வந்தேன்."

"சுத்தி வந்தியா! இத்தனை மாசமா தாகம் தாகம்னு எந்திரிச்சுப் போனது இதுக்குத்தானா? நான் ஏதோ சர்க்கரை வியாதின்னு நினைச்சேன்!"

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் நின்றிருந்தது.

"நாளைக்கு அது இங்க இருக்கணும்" என்று சொல்லிவிட்டு, அங்கே கிடந்த தன் கம்பளிக் கூடையைக்கூட எடுக்காமல் போய்விட்டாள்.

மறுநாள் காலை அவனும் நானும் கடையில் நின்றோம். ரெமெதியோஸ் அம்மா கையை விரித்தாள்.

"ஒரு தம்பதி கேட்டுட்டுப் போயிருக்காங்க. சாயங்காலம் வர்றாங்க. நீ நெஞ்சதுலயே இதுதான் உசத்தி, அபுந்தியோ. எந்தப் படத்தைப் பார்த்து எடுத்தே? எனக்கே தெரியலை."

"அது விக்கறதுக்கு இல்லம்மா. எங்கம்மா தெரியாம குடுத்துட்டாங்க."

"ஏன் விக்கறதுக்கு இல்ல?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ரெமெதியோஸ் அம்மா அவனைப் பார்த்தாள், கண்ணாடிப் பக்கம் திரும்பி விரிப்பைப் பார்த்தாள், திரும்பவும் அவனைப் பார்த்தாள்.

"ஐயோ கடவுளே, இது அந்த வாயாடிப் பொண்ணு இல்ல?" என்றாள். ஸ்டூலைப் போட்டு அவளே ஏறிக் கொக்கியைக் கழற்றினாள். "எடுத்துட்டுப் போ. எனக்கு ரெண்டு மாண்டலின்காரி நெய்து குடுத்துடு. வந்தவங்ககிட்ட நான் ஏதாவது சொல்லிக்கறேன்."

விரிப்பைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். எங்கள் வீட்டுக் கதவை அப்பா திறந்தார்.

"என்ன அது?"

"உங்க பொண்ணோடது, மாமா."

மதிய வெயிலில் முற்றத்தில் விரித்தோம். அம்மா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "சடை பின்ன உட்காரும்போது இவ கழுத்து இப்படித்தான் இருக்கும்" என்றாள் மெதுவாக. அப்பா மண்டியிட்டு உட்கார்ந்தார். நெசவாளியின் கண்ணால் ஓரத்தைத் தடவினார், நூல் மாறுகிற இடங்களை நகத்தால் கீறிப் பார்த்தார். குறை கண்டுபிடிக்கத்தான் பார்த்தார். கிடைக்கவில்லை.

எர்லிந்தா கையைக் கட்டிக்கொண்டு விரிப்பைச் சுற்றி வந்தாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று.

"கை தப்பு" என்றாள். "நான் இடது கையாலதான் இழுப்பேன். இதுல வலது கை இழுக்குது. இத்தனை நாள் பார்த்துட்டு இது தெரியலையா?"

அபுந்தியோவின் முகம் செத்துப்போயிற்று. அவன் வாயைத் திறப்பதற்குள் அப்பா விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்து ஒரு உதறு உதறிப் புரட்டிப் போட்டார். எங்கள் ஊர் நெசவில் முன்பக்கம் பின்பக்கம் என்று இல்லை, இரண்டு பக்கமும் ஒரே வேலைப்பாடு, கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடம் வலம்தான் மாறும். இப்போது இடது கை இழுத்துக்கொண்டிருந்தது.

"தறியில அவன் பின்பக்கத்துலேர்ந்து நெஞ்சிருக்கான்" என்றார் அப்பா, அவள் முகத்தைப் பார்க்காமல். "கடைக்காரிதான் தப்பா மாட்டியிருக்கா."

பிறகு எர்லிந்தா சொன்னாள்: "சரி. என் முறை."

"என்ன முறை?" என்றேன் நான்.

"அவன் என்னைக் கேட்காம நெஞ்சான். நான் கேட்டுட்டு நெய்யப்போறேன். அபுந்தியோ, நான் உன்னை நெய்யணும். தினமும் மதியம் வந்து உட்காரு. ஜன்னல் உன் இடது பக்கம் இருக்கணும்."

"பொண்ணு தறியில நிக்கறதா?" என்றார் அப்பா.

"மூணு வருஷமா பக்கத்துல உட்கார்ந்து பார்த்திருக்கேன். காலு எட்டும்பா."

அபுந்தியோ கையால் இடது கன்னத்தை மூடிக்கொண்டான். அவனுக்கே தெரியாமல் கை போயிருக்க வேண்டும். "அது முடியாது" என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

பதினோரு நாள் அவன் ஊருக்குள் வரவில்லை. மலையடிவாரத்தில் சோளக்காட்டுக் குடிசையிலேயே இருந்தான். நான் ரொட்டியும் மிளகாய்த் துவையலும் எடுத்துக்கொண்டு போனேன். கதிர் முற்றிக் காய்ந்து, காற்றில் தாள்கள் ஓயாமல் கிசுகிசுத்துக்கொண்டிருந்தன. இடது பக்கம் ஒரு மரத்தை அணைத்த மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"வேற எது வேணும்னாலும் கேட்கட்டும், ஃபிதே. அதை மட்டும் விட்டுடச் சொல்லு."

"அவகிட்ட நீ சொல்லு."

"அங்க பார்க்கறதுக்கு என்ன இருக்கு? அது செத்த இடம்டா."

எனக்குக் கோபம் வந்தது. "நீ அவளைக் கேட்டியாடா? பின்கழுத்துலேர்ந்து மச்சம் வரைக்கும் எடுத்துக்கிட்டே. அவ மரியாதையா வந்து கேக்கறா. மாட்டேன்னா அவ மூஞ்சியைப் பார்த்து மாட்டேன்னு சொல்லு. காக்கா விரட்டறேன்னு இங்க வந்து ஒளிஞ்சுக்காதே."

பன்னிரண்டாம் நாள் மதியம் வந்தான். தலை வாரி, சலவைச் சட்டை போட்டு. எர்லிந்தா எங்கள் பழைய தறியில் பாவு கட்டி வைத்திருந்தாள். அவன் யாரையும் பார்க்காமல் போய், ஸ்டூலில், ஜன்னலுக்கு இடது பக்கத்தைக் கொடுத்து உட்கார்ந்தான்.

முதல் வாரம் பார்க்கவே பாவமாக இருந்தது. ஈ உட்கார்ந்த குதிரைத் தோல் மாதிரி அவன் கன்னம் துடித்துக்கொண்டே இருக்கும். கை மேலே போகும். "கையை இறக்கு" என்பாள் அவள், தறியை விட்டுத் தலை தூக்காமல். அவளும் திணறினாள். நெய்ததைவிடப் பிரித்தது அதிகம். தெருப் பெண்கள் ஏதாவது சாக்குச் சொல்லி எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். "என்ன எர்லிந்தா, ஆம்பளை வேலையா?" என்றால், "ஆமாக்கா, உன் வீட்டு ஆம்பளைக்கு ஓய்வு வேணும்னா அனுப்பு, சீவுபலகை சும்மாதான் கிடக்கு" என்பாள்.

மூன்றாவது வாரமா, நாலாவது வாரமா, நினைவில்லை. மதியச் சாப்பாடு முடிந்து நான் உள்ளே போனேன். தறிச் சத்தம் இல்லை. எர்லிந்தா உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். அபுந்தியோ உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தான். தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. வெயில் அந்த வடுவின் மேல் முழுசாக விழுந்திருந்தது, தண்ணீரில் கிடக்கிற கல்லின் மேல் விழுகிற மாதிரி. பதினைந்து வருடத்துக்கு மேலாகக் கூட இருந்த நான் அன்றுதான் அதைப் பார்த்தேன். வெளியே யாரோ வான்கோழியை விரட்டினார்கள், எங்கேயோ தூரத்தில் இன்னொரு தறி அடித்தது. மூன்று பேரும் ஒரே கனவுக்குள் உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது. கன்னம் துடிக்கவே இல்லை.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் அவள் அறுத்து இறக்கினாள். வடுவை வடுவாகவே நெய்திருந்தாள். முகமெல்லாம் சாம்பலும் பழுப்பும், வடு மட்டும் கள்ளிச்செடிப் பூச்சியை அரைத்தெடுத்த சாயத்தின் சிவப்பு. "ஏன் அங்க மட்டும் சிவப்பு?" என்று கேட்டேன். "அங்கதானே வெயில் பட்டுச்சு" என்றாள்.

அப்பா ஓரத்தைப் பார்த்தார். "பாம்பு போன தடம் மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகுது."

"பாம்பும் புத்துக்குப் போய்ச் சேருதில்ல?" என்றாள் எர்லிந்தா.

அபுந்தியோ விரிப்பின் மேல் அந்தச் சிவப்பு இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் குந்தியிருந்தான். மே மாதம் அவன் வீட்டு ஆட்கள் மெழுகுவர்த்தியும் ரொட்டிக் கூடையும் எடுத்துக்கொண்டு பெண் கேட்டு வந்தார்கள். அப்பா வழக்கம்போல மூன்று தடவை திருப்பி அனுப்பினார், நாலாவது தடவை உட்காரச் சொன்னார். கல்யாண விருந்தில் அவன் முற்றத்தின் நட்டநடுவில், சுவரே இல்லாத இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். பிறகு எங்கள் ஊர்க் கல்யாண வழக்கப்படி வான்கோழியைக் கையில் பிடித்துக்கொண்டு ஆடினான், இரண்டு பேர் காலை மிதித்தான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு தறி. அவனுக்கு ரெமெதியோஸ் அம்மாவின் படங்கள், அவளுக்கு அவள் இஷ்டம். இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்தார்கள். எங்கள் தெருவில் வேறு பெண்களும் தறியில் நிற்க ஆரம்பித்தார்கள், யாரும் அதைப் பற்றிப் பேசுவதையும் நிறுத்திவிட்டார்கள்.

இருபது வருடம் கழித்து, மெக்சிகோ நகரத்தில் கியூபிசப் படங்களின் கண்காட்சி ஒன்று வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு மூன்று பேரும் பஸ் ஏறினோம். அத்தனை வருடம் நெய்தும் அசல் படம் ஒன்றை அவன் பார்த்ததில்லை. பெரிய கூடம், பளபளக்கிற தரை, எங்கள் செருப்புச் சத்தம் எங்களுக்கே கூச்சமாக இருந்தது. ஒரு மூலையில் புட்டியும் புகைக்குழாயும் இருந்த சின்னப் படம் ஒன்று. அவன் நெய்யாத படம். அதற்கு முன்னால் போய் நின்றுவிட்டான்.

"இவ்வளவுதானா?" என்றாள் எர்லிந்தா. "ரொட்டிக்கூடை மூடற துணி அளவுதான் இருக்கு."

அபுந்தியோ வலது பக்கம் நகர்ந்தான், இடது பக்கம் நகர்ந்தான், தலையைச் சாய்த்தான். காவல்காரப் பையன் ஓடிவந்தான்.

"ஐயா, கோட்டுக்குப் பின்னாடி நில்லுங்க."

"ஃபிதே, இங்க வா" என்றான் அவன். "நீயும் தலையை ஆட்டிப் பாரு. ஏதாவது நழுவுதா?"

ஆட்டினேன். "இல்ல."

"எனக்கும் இல்ல. நான் பார்க்கறதையேதான் நீயும் பார்க்கறே." அவன் தோள் குலுங்கியது.

எர்லிந்தா காவல்காரனிடம் கேட்டாள்: "தம்பி, இதுக்குப் பின்பக்கம் என்ன இருக்கு?"

"பின்பக்கமா? சுவர்தாம்மா இருக்கு."

"அடப்பாவமே" என்றாள்.

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு போன சோள ரொட்டியைத் தின்றோம். தூறல் போட்டது. அபுந்தியோ வாயில் ரொட்டியோடு சொன்னான்: "இனிமே படத்தைப் பார்த்து நெய்ய வேண்டாம்னு தோணுது. ஆளுங்களை நெய்யலாம்."

"கேட்டுட்டு" என்றாள் எர்லிந்தா.

"கேட்டுட்டுத்தான்."

அப்படித்தான் நடக்கிறது. ரெமெதியோஸ் அம்மாதான் முதலில் வந்து உட்கார்ந்தாள், சாகும்வரை அந்த விரிப்பைக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டிருந்தாள். பிறகு ரொட்டிக்கடைக்காரர், பிறகு மருத்துவச்சி, பிறகு கோயில் மணி அடிப்பவர். அவனுக்கும் எனக்கும் எழுபது தாண்டிவிட்டது. போன வருடம் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தான். மூன்று நாள் நூலே எடுக்காமல் என்னைச் சுற்றி நடந்துகொண்டிருந்தான், நான் பாதி நேரம் தூங்கினேன். முடிந்து வந்ததில் என் தொப்பை இரண்டு இடத்தில் தெரிகிறது, வழுக்கை மூன்று இடத்தில். என் மனைவி அதைச் சோளம் கொட்டி வைக்கிற அறையில் மாட்டியிருக்கிறாள். எலி வருவதில்லை என்கிறாள்.